இந்த விலைக்கு இது ஆகாது

அந்தப் போன் அடித்து ஓய்ந்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். திரையில் அவன் படத்தோடு ‘அண்ணன்’ என்று வந்தது. அனுசியா பார்த்தாள். எடுக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முன்னால் கழற்றிப் போட்டிருந்த கம்ப்யூட்டரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

மூன்று வருடமாகப் பேசாத அண்ணன் கூப்பிடுகிறான், எடுத்தால் குடியா முழுகிவிடும் என்று நீங்கள் கேட்பீர்கள். முழுகாதுதான். ஆனால் அதற்கு முந்தின நாள் அவள் புருஷன் மாரீஸ்வரன் வெற்றிலைத் தட்டோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், மகளின் காதுகுத்துக்கு மச்சானை முறைப்படி அழைத்துவிட்டு வந்திருந்தான். தட்டை வாங்கிக்கொண்ட சிவபாண்டி வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆக, இந்தப் போன் ‘வரமாட்டேன்’ என்று சொல்லத்தான் என அனுசியா தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள். காதில் விழாதவரைக்கும் அண்ணன் அதைச் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

சிவபாண்டி மறுபடி கூப்பிடவில்லை.

பகை என்ன பகை? பெற்ற அய்யாவுக்கு நெஞ்சு வலித்த அன்று, வாயுப் பிடிப்பு என்று நினைத்து சோடா வாங்கிக் கொடுத்துப் படுக்க வைத்தான் சிவபாண்டி. மறுநாள் காலையில் அய்யா எழுந்திருக்கவில்லை. கருமாதி அன்று பந்தியில் சொந்தமெல்லாம் உட்கார்ந்திருக்க, “யாரையும் கேக்காம கொள்ளாம நீயா முடிவெடுத்து அய்யாவை அனுப்பி வச்சிட்ட” என்று எல்லார் காதும் கேட்கச் சொன்னாள் அனுசியா. சிவபாண்டி பரிமாறுவதை நிறுத்தினான். கையிலிருந்த சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போனான். அன்றோடு பேச்சு நின்றது.

அவள் வாய் அப்படி. அதே வாய்தான் இன்று அவளுக்குப் பாதிச் சோறு போடுகிறது என்பது வேடிக்கை.

மீதிச் சோறு கல்யாண வீடியோக்களை எடிட் செய்வதில் வருகிறது. ராஜபாளையத்தில் வீட்டு முன்னறைதான் அவள் ஆபீஸ். அங்கேயே உட்கார்ந்து ‘அனுசியா சொல்றேன்’ என்று ஒரு யூடியூப் சேனலும் நடத்துகிறாள். கம்ப்யூட்டர் சாமான்களில் எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று சொல்கிற சேனல். புதுச் சாமான் வந்தால் மதுரைக் கடைக்காரர் ஒருவர் ஒரு வாரத்துக்கு இரவல் தருவார். மாட்டிப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, மனசில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவாள். அந்த வெடுக்குப் பேச்சைக் கேட்கவே ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கூட்டம் காத்துக் கிடக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அவள் எடுத்தது ஒரு கிராபிக்ஸ் கார்டு. கம்ப்யூட்டருக்குள் செருகுகிற அட்டை. கேம் ஆடுகிறவர்களுக்கும் வீடியோ வேலை செய்கிறவர்களுக்கும் அது இல்லாமல் ஆகாது. புதிதாக வந்திருப்பது நடுத்தர ரகம். விலை முப்பத்தெட்டாயிரம்.

வாரம் முழுக்க அதோடு மல்லுக்கட்டினாள். கேமில் போன வருடத்துக் கார்டைவிடக் கொஞ்சம்தான் வேகம் கூடுதல். மெமரி எட்டு ஜிபியோடு நின்றுவிட்டது. பெரிய கல்யாண வீடியோவில் நாலு எபெக்ட்டைப் போட்டால் மூச்சு முட்டுகிறது. இதே காசில், பன்னிரண்டு ஜிபி உள்ள போன வருடத்துக் கார்டை வாங்கிவிட்டு மிச்சக் காசில் குடும்பத்தோடு குற்றாலம் போய் வரலாம்.

கேமராவைப் பார்த்து இதையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் ஒன்று சொன்னாள்.

“சாமான்ல குத்தமில்ல மக்களே, விலையிலதான் குத்தம். இந்த விலைக்கு இது ஆகாது. யாரையும் கேக்காம கொள்ளாம போய் இதை வாங்கிட்டு வாறவன், கடைக்காரன் வீட்டுக் காதுகுத்துக்கு மொய் வச்சிட்டு வாறான்னுதான் அர்த்தம்!”

மனசு முழுக்கக் காதுகுத்து இருந்ததால் வாயிலும் அதுவே வந்தது. சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பையும் வெட்டாமல் வைத்து, ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வீடியோ தானாக வெளியாகும்படி போட்டுவிட்டுப் படுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைதான் காதுகுத்து.

*

மாரீஸ்வரன் வீட்டுக் குலசாமி கோயில் செண்பகத்தோப்புப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிறது. வனத்துறைச் செக்போஸ்ட்டில் பைகளைச் சோதித்து, பிளாஸ்டிக்கை எல்லாம் பிடுங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விட்டார்கள். செக்போஸ்ட்டைத் தாண்டியதும் எல்லார் போனும் செத்துப்போனது. அந்தப் பக்கம் சிக்னல் கிடையாது.

பொங்கல் பானை கொதித்துவிட்டது. காது குத்துகிற ஆசாரி, மனைப்பலகை, மஞ்சள் தேய்த்த தேங்காய் எல்லாம் தயார். மனையில் உட்காரத் தாய்மாமன்தான் இல்லை.

“மாமன் மடி எப்ப வரும்?” என்று கேட்டாள் மாரீஸ்வரனின் அக்கா தங்கபாய். “இல்ல, எங்க வீட்டு ஆளை உக்கார வச்சிருவமா? பிள்ளைக்கு அஞ்சு வயசாச்சு. இன்னும் மூளிக் காதோட அலையுது.”

“செத்த நேரம் பொறுக்கா, மச்சான் வந்துருவாக” என்றான் மாரீஸ்வரன்.

அனுசியாவின் கண் பாதையிலேயே இருந்தது. அந்தப் போனை எடுத்திருந்தால் வருகிறானா இல்லையா என்றாவது தெரிந்திருக்கும். இப்போது அத்தனை சொந்தத்தின் முன்னாலும் நின்றுகொண்டு தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் வண்டிச் சத்தம் கேட்டது. சிவபாண்டி தேங்காய் லோடு அடிக்கிற குட்டியானைதான். அதற்கும் சந்தனம் தெளித்து முன்னால் மாலை போட்டிருந்தது. அவன் இறங்கினான். பின்னாலேயே பட்டுச் சேலையில் அவன் மனைவி பாண்டீஸ்வரி. தட்டுத் தட்டாக இறங்கின: மாம்பழம், வாழைத்தார், பால்கோவா, பிள்ளைக்குப் பாவாடை சட்டை, வெற்றிலையில் வைத்த தங்கத் தோடு. கடைசித் தட்டை மட்டும் பாண்டீஸ்வரி வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. சிவப்புத் துணி போர்த்தி நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

அனுசியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வந்துவிட்டான். அது போதும் அவளுக்கு.

சிவபாண்டி அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. நேரே மனையில் போய் உட்கார்ந்து, “வாங்க மருமகளே” என்று கையை நீட்டினான். மகாலட்சுமி தயங்கவில்லை. பிறந்ததிலிருந்து பழகியவள்போல மாமன் மடியில் ஏறி உட்கார்ந்து பால்கோவாவைக் கேட்டு வாங்கினாள். மாரீஸ்வரன் போனை உயர்த்திப் பிடித்து வீடியோ எடுத்தான்.

ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பிள்ளை மாமன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவன் காதில் என்னவோ கிசுகிசுத்தாள். என்ன ரகசியமோ என்று சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

பிறகு ஊசி இறங்கியது. பிள்ளை வீரிட்டாள். பார்த்தால் சிவபாண்டியின் கன்னத்திலும் கண்ணீர்.

“காது குத்துனது மருமகளுக்கா, மாமனுக்கா?” என்றாள் தங்கபாய். அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். அனுசியாவும் சிரித்தாள். மூன்று வருடத்தில் இப்படி ஒரு காலை அவளுக்கு வாய்த்ததில்லை.

*

பாண்டீஸ்வரி அந்தச் சிவப்புத் துணித் தட்டோடு வந்தாள்.

“அனுசியா, பொறந்த வீட்டுச் சீர்ல ஒனக்குச் சேலைதான் வைக்கணும். இந்தத் தடவை சேலை வேண்டாம்னு அவிய ஒரே பிடியா நின்னுட்டாக. நீயே பாரு.”

அனுசியா துணியை விலக்கினாள்.

வெற்றிலை பாக்கு மேல், மல்லிகைச் சரம் சுற்றி, அந்தக் கார்டு உட்கார்ந்திருந்தது. வாரம் முழுக்க அவள் மல்லுக்கட்டிய அதே கார்டு. ஓரத்தில் தங்க நிறத்தில் பல் பல்லாக ஒரு விளிம்பு இருக்குமே, கம்ப்யூட்டருக்குள் செருகுகிற இடம், அங்கே அழகாக மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

“இதென்னட்டி, ரெண்டு காத்தாடி வச்சிருக்கு?” என்று எட்டிப் பார்த்தாள் தங்கபாய்.

“கம்ப்யூட்டருக்குள்ள வைக்கிற கார்டு மதினி. அனுசியா தொழிலுக்கு. மதுரைக்கே போய் வாங்கிட்டு வந்தாக. முப்பத்தெட்டாயிரம்” என்றாள் பாண்டீஸ்வரி. அவள் முகத்தில் பெருமை வழிந்தது. “பெட்டியோட சாமி முன்னால வச்சா நல்லா இருக்காதேன்னு நாந்தான் பிரிச்சி எடுத்துப் பொட்டு வச்சேன். தங்கம் மாதிரி இருந்த இடமாப் பாத்து வச்சிருக்கேன்.”

“முப்பத்தெட்டாயிரமா!” என்று நாலைந்து வாய் ஒன்றாகத் திறந்தது.

அனுசியாவுக்கு வேறொரு வாய்தான் கேட்டது. அவளுடைய வாயே. ‘கடைக்காரன் வீட்டுக் காதுகுத்துக்கு மொய்.’

மணி ஒன்பதைத் தாண்டி வெகு நேரமாகியிருந்தது. வீடியோ வெளியே போயிருக்கும். இங்கே சிக்னல் இல்லாததால்தான் இன்னும் யாருக்கும் தெரியவில்லை. பந்தி முடிந்து வண்டிகள் செக்போஸ்ட்டைத் தாண்டுகிற நிமிஷம் ஒவ்வொரு போனாக உயிர் வரும். யாராவது ஒருத்தர் பார்த்தால் போதும். சொந்தத் தங்கச்சி ஊரறியச் சிரித்துச் சொன்னது அண்ணன் காதுக்குப் போய்விடும். கருமாதிப் பந்தியில் சொன்ன அதே ‘கேக்காம கொள்ளாம’வோடு.

“நல்லாருக்கு மதினி” என்று எப்படியோ சொன்னாள். தட்டைச் சாமி முன்னால் வைத்துவிட்டு, புருஷனை ஓரமாக இழுத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னாள்.

“அய்யய்யோ” என்றான் மாரீஸ்வரன். “அதை எடுத்துத் தொலைக்க முடியாதா?”

“சிக்னல் வேணுமே.”

“அப்ப செக்போஸ்ட் வரைக்கும் ஓடு. நான் மச்சானைப் பந்தியில உக்கார வச்சி எந்திரிக்க விடாமப் பாத்துக்கிடுதேன். ஓடு ஓடு.”

*

பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் ஓட்டமும் நடையுமாகப் போனாள். செக்போஸ்ட் கம்பத்தருகே வந்ததும் கையில் போன் துடிக்க ஆரம்பித்தது. ‘மொய் டயலாக் சூப்பர் அக்கா.’ ‘எங்க அண்ணனும் மொய் வச்சிட்டு வந்துட்டான் அக்கா.’ சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. எப்போதும் இந்த வரிகளைப் படிக்கப் படிக்க அவளுக்கு நெஞ்சு நிமிரும். இன்றைக்கு அவற்றைப் பார்க்கவே கூசியது.

வீடியோவை மறைக்கிற இடத்தைத் தேடி விரலை வைக்கப் போனாள்.

“அதை எடுக்காத தாயி.”

பின்னால் சிவபாண்டி நின்றுகொண்டிருந்தான். மாரீஸ்வரனின் காவல் அவ்வளவுதான். இலையில் கை வைக்காமல் எழுந்து வந்திருக்கிறான்.

மூன்று வருடத்துக்குப் பிறகு அண்ணன் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

“நான் பாத்துட்டேன்” என்றான். “வரும்போது இதே எடத்துலதான் வண்டியை நிறுத்திப் பையைச் சோதிச்சாங்க. அப்ப வந்துச்சி. ஒன் வீடியோ வந்தா என் போன்ல மணி அடிக்கும்ல.”

“அண்ணே...”

“எறங்கித் தள்ளி நின்னு முழுசாப் பாத்தேன். பாண்டீஸ்வரிக்குத் தெரியாது. அவ தட்டை மடியில வச்சி, பூவைச் சரி பண்ணிக்கிட்டு இருந்தா. அவகிட்டச் சொல்ல எனக்கு மனசு வரல.”

“ஒன்னை நெனச்சிச் சொல்லலண்ணே. சத்தியமா ஒன்னை நெனக்கவே இல்ல.”

“அது தெரியுமே” என்றான் சிவபாண்டி. குத்திச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். அனுசியாவுக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது.

“பாத்த பொறவும் ஏண்ணே கொண்டாந்த?”

“பொறவு என்ன செய்யச் சொல்லுத? தங்கச்சிக்குச் சேலையும் எடுக்கல. வெறுங்கையோடவா வர? பொட்டு வச்ச சாமானைக் கடைக்காரன் திருப்பி வாங்குவானா?” செருப்பால் மண்ணைக் கிளறினான். “நீதான் ஒரு வீடியோவுல சொன்ன. பழைய கார்டு திணறுது, புதுசு ஒன்னு வருது, வந்தாப் பாப்போம்னு. அதை மனசுல வச்சிக்கிட்டேன். கடைக்காரன் நல்ல மனுசன்தான். அண்ணாச்சி, போன வருசத்துச் சாமான் பன்னெண்டு ஜிபி இருக்கு, விலையும் கம்மி, அதை எடுத்துக்கிடுங்கன்னு சொன்னான். போன வருசத்துதுன்னா பழசுல்லா? சீர்ல பழசை வைக்கலாமான்னு நாந்தான் வேண்டாம்னுட்டேன்.”

பெட்டி பிரிக்காத கார்டு, போன வருடத்து ரகமாக இருந்தாலும் புதுசுதான் என்று அவனுக்கு யார் சொல்வது? சொல்லக்கூடிய ஆள் ஒருத்திதான். அவள் அந்த நேரத்தில் இதே கார்டைக் கையில் வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் புத்தி சொல்லத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

“நீ சொன்னதெல்லாம் சரி தாயி. எட்டு ஜிபி பத்தாதுன்னு நீ வெளக்குனது எனக்கே வெளங்கிருச்சி. விலையும் கூடத்தான். கேக்காம கொள்ளாமன்னு சொன்ன பாரு, அது மட்டும் நெசமில்ல.”

செக்போஸ்ட் கம்பத்தில் கையை ஊன்றிக்கொண்டான்.

“அய்யா விசயத்துல கேக்கலதான். ஆம்பளை, மூத்தவன், எனக்குத் தெரியும்னு நெனச்சேன். அதுக்கு நான் படாத பாடு இல்ல. அதனாலதான் இந்தத் தடவை கேக்கணும்னு நெனச்சேன். கடைக்காரன் எட்டா பன்னெண்டான்னு கேக்கான். செத்த இருங்க, எந்தங்கச்சிட்டக் கேட்டுக்கிடுதேன்னு சொல்லிட்டு, கடைக்கு வெளிய வந்து ஒனக்குப் போன் போட்டேன். முழு ரிங்கும் போச்சு.”

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். வந்ததிலிருந்து அப்போதுதான் அவள் முகத்தை நேராகப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான்.

அனுசியாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆமாண்ணே, பார்த்தேன், வரமாட்டேன்னு சொல்லத்தான் கூப்பிடுறன்னு பயந்துட்டேன், கவுத்தி வச்சிட்டேன். இவ்வளவுதான். சொல்லியிருந்தால் அங்கேயே ரெண்டு பேரும் அழுது தீர்த்திருப்பார்கள். ஊர் உலகத்துக்கெல்லாம் உடைத்துப் பேசுகிற வாய் அந்த ஒரு இடத்தில் சுருண்டுகொண்டது.

“நான் பாக்கலண்ணே” என்றாள். “வேலையா இருந்தேன்.”

கம்பத்துக்கு அந்தப் பக்கம் யாரோ வண்டியை உறுமவிட்டார்கள்.

“சரி தாயி” என்றான். “பாத்திருக்க மாட்ட.”

திரும்பிக் கோயிலைப் பார்த்து நடந்தான். அனுசியா வீடியோவை எடுக்கவில்லை. எடுத்தாலும் யாரிடமிருந்து மறைக்க வேண்டுமோ அவன் ஏற்கெனவே பார்த்துவிட்டான்.

பந்தியில் அவன் பேருக்கு ரெண்டு வாய் சாப்பிட்டான். மத்தியானம் லோடு இருக்கிறது என்று பாண்டீஸ்வரியைக் கிளப்பினான். போகும்போது மருமகள் தலையைத் தடவினான். தங்கச்சியைப் பார்த்து, “வாரேன்” என்றான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று அனுசியா தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

*

சாயங்காலம் ராஜபாளையம் வீட்டில், பல் தேய்க்கிற புது பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்து, கார்டின் தங்கப் பல்லில் காய்ந்திருந்த சந்தனத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள் அனுசியா. லேசில் போகவில்லை. பாண்டீஸ்வரி குழைத்தது நல்ல சந்தனம். ஸ்பிரிட் வாடையை மீறி மணத்தது.

மாரீஸ்வரன் வாசற்படியில் போனோடு உட்கார்ந்திருந்தான். “எங்க அக்கா சும்மா இருக்க மாட்டா. ஒன் வீடியோவைக் காதுகுத்துக் குரூப்புல போட்டுட்டா. பேரைச் சொல்லல. கீழ சிரிப்புப் பொம்மை மட்டும் வச்சிருக்கா.”

“பாண்டீஸ்வரி மதினி பாத்துட்டாகளா?”

“பாத்துட்டாக. ஒன்னும் எழுதல.”

அனுசியாவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி துடைத்தாள். சுத்தமானதும் தன் கம்ப்யூட்டரைத் திறந்து பழைய கார்டைக் கழற்றி, அண்ணன் கொடுத்ததை மாட்டினாள். காத்தாடிகள் ரெண்டும் சத்தமில்லாமல் சுற்றின. முதல் வேலையாகப் புருஷன் காலையில் எடுத்த வீடியோவைப் போட்டாள்.

பழைய கார்டில் இதே மாதிரி வீடியோ விக்கி விக்கித்தான் ஓடும். இதில் தண்ணீராக ஓடியது. மனை, தட்டு, ஆசாரி, பால்கோவா வாய். பெரிய வேலைக்குத்தான் மூச்சு முட்டும். இது என்ன, ஒரு பிள்ளையின் காதுகுத்து. இதற்குத் தாராளம்.

பிள்ளை மாமன் காதில் கிசுகிசுக்கிற இடம் வந்தது. சுற்றி இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அனுசியாவும் சிரித்துக்கொண்டேதான் பார்த்தாள். அப்போது அண்ணன் முகத்தைக் கவனித்தாள்.

நிறுத்தினாள். பின்னால் ஓட்டினாள். மெதுவாக மறுபடி ஓட்டினாள். மருமகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த முகம், அவள் என்னவோ சொல்லச் சொல்ல, அப்படியே வாடிப்போகிறது. கண் கலங்குகிறது. ஆசாரி இன்னும் ஊசியைத் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அப்படியானால் அந்தக் கண்ணீர் ஊசியைப் பார்த்து வந்ததில்லை.

“மகா, இங்க வா.”

காதில் மஞ்சள் அப்பிக்கொண்டு, புதுத் தோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி மகாலட்சுமி வந்தாள்.

“மாமா மடியில உக்காந்துக்கிட்டு அவிய காதுல என்ன சொன்ன?”

“அது ரகசியம்.”

“அம்மாட்டச் சொல்லலாம்.”

பிள்ளை யோசித்தாள். “மாமா எங்கிட்ட, மாமாவைத் தெரியுமான்னு கேட்டாக. தெரியும், நீங்க போன்ல வந்தீங்கன்னு சொன்னேன். அம்மா பாத்துட்டுக் கவுத்தி வச்சிட்டான்னு சொன்னேன்.” அம்மாவின் முகத்தைப் பார்த்து அவளுக்குப் பயம் வந்துவிட்டது. “நெசந்தானம்மா? நீ கவுத்தித்தான வச்ச?”

“நெசந்தான்” என்றாள் அனுசியா.

செக்போஸ்ட்டில் அவன் பார்த்த பார்வை இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறான். அவள் வாயால் வரட்டும் என்று நின்றிருக்கிறான். அவள் பொய் சொன்னதும், அந்தப் பொய்யையும் தட்டோடு தட்டாக அவளிடமே விட்டுவிட்டு, ‘பாத்திருக்க மாட்ட’ என்று போயிருக்கிறான்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போனை எடுத்தாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பெயரை அவள் அழுத்தினாள்.

ரிங் போனது. சொல்ல வேண்டியதை மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டாள். பார்த்தேண்ணே. பார்த்துட்டுத்தான் எடுக்கல. திரையில் அண்ணன் முகம் நின்றிருந்தது, ஒரு துளி விக்காமல், ஒரு மயிர்க்கால்கூட மங்காமல். முப்பத்தெட்டாயிரம்.

ரிங் போய்க்கொண்டே இருந்தது. கவிழ்த்து வைத்த போன் மரப்பலகையில் எப்படி அதிரும் என்று அவளுக்குத் தெரியும். அதிர்ந்து அதிர்ந்து, பிறகு ஓயும். ஓய்ந்தது.

“மாமா எடுக்கலையாம்மா?” என்று கேட்டாள் மகாலட்சுமி.

“இல்லடா. பாத்திருக்க மாட்டாக” என்றாள் அனுசியா.